டான்சிலுக்கு எதுக்குய்யா பயாப்சி?

போன மாசம் கோவில்பட்டியில ஒரு ஆஸ்பத்திரி பில் கவுண்டர்ல சண்டை போட்டுட்டேன்.

பெரிய சண்டைன்னு சொல்ல முடியாது. கொஞ்சம் சத்தம் கூடிப்போச்சு. வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எந்திரிச்சாரு. நான் சத்தத்தைக் குறைச்சேன். அவரு திரும்ப உக்காந்துட்டாரு. அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். எங்க அக்கா மகன் குட்டிக்கு (ஆறு வயசு. ரேஷன் கார்டுல வேற பேரு இருக்கு, ஊர்ல யாருக்கும் அது தெரியாது) டான்சில், அடினாய்டு ரெண்டையும் எடுத்தாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. மறுநாள் டிஸ்சார்ஜ். பில்லை வாங்கிப் பாக்கேன். தியேட்டர் சார்ஜ், மயக்க டாக்டர் பீஸ், மருந்து, ரூம் வாடகை. கடைசியில ஒரு வரி: எச்.பி.இ., ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

"இது என்னம்மா?"

"சதையை டெஸ்டுக்கு அனுப்புறது சார்."

"எந்தச் சதையை?"

"எடுத்த சதையைத்தான் சார்."

"எதுக்கு?"

"எல்லாருக்கும் அனுப்புவோம் சார்."

இந்த "எல்லாருக்கும்" இருக்கே, அதுதான் என்னைக் கிளப்பி விட்டுருச்சு. எதுக்குன்னு கேட்டா காரணம் சொல்லணும். எல்லாருக்கும்ங்கிறது காரணமா? கல்யாண வீட்டுப் பந்தியா இது, எல்லாருக்கும் ஒரே மாதிரி இலை போட?

காசுகூட அப்புறம்தான். பின்னால நின்ன அக்கா காதுல "சதை, டெஸ்டு"ன்னு ரெண்டு வார்த்தை விழுந்துருச்சு. "பயாப்சியாடா?"ன்னா. பெஞ்சுல உக்காந்திருந்த ஒரு அம்மா, யாருன்னே தெரியாது, "பயாப்சின்னா கேன்சருக்குல்ல எடுப்பாக"ன்னுச்சு.

முடிஞ்சது கதை. அக்கா அப்படியே தரையில உக்காந்துட்டா. குட்டி ஒரு கையில ஐஸ்கிரீம் கப்பை வச்சுக்கிட்டு, அம்மா ஏன் அழுகுதுன்னு புரியாம அவளையே பாத்துக்கிட்டு நிக்கான். அதுக்குப் பிறகுதான் என் சத்தம் கூடுனது.

(பணத்தைக் கட்டிட்டேன். சண்டை போட்டவன் பணம் கட்டாம வந்திருப்பான்னு நினைச்சீங்கன்னா உங்களுக்கு ஆஸ்பத்திரி கவுண்டர் பழக்கம் இல்லைன்னு அர்த்தம்.)

சரி, முதல்ல இருந்து சொல்றேன்.

குட்டி ரெண்டு வருஷமா வாயால மூச்சு விடுறவன். ராத்திரி குறட்டை. ஆறு வயசுப் பிள்ளை விடுற குறட்டையா அது! மொட்டை மாடியில படுத்தா பக்கத்து வீட்டுத் தாத்தா "உங்க மாப்பிள்ளை வந்திருக்காரா?"ன்னு கேப்பாரு. சளி, காய்ச்சல், தொண்டை வலின்னு மாசத்துல பாதி நாள் பள்ளிக்கூடம் போகமாட்டான். சாப்பாடு இறங்காது.

எங்க அவ்வாவுக்கு இதுக்கு ஒரே பேருதான்: உள்நாக்கு வளந்துருச்சு. மிளகையும் உப்பையும் பொடிச்சுக் கட்டைவிரல்ல தொட்டுத் தொண்டைக்குள்ள விட்டு ஒரு அமுக்கு அமுக்கும். குட்டி அவ்வாவைக் கண்டாலே வாயை மூடிக்கிருவான். (அந்த நேரத்துல மட்டும்தான் மூக்கால மூச்சு விட்டான்.)

உள்நாக்கு வேற, டான்சில் வேற. நடுவுல தொங்குறது உள்நாக்கு. அதுக்கு ரெண்டு பக்கமும் சுவரோரமா உருண்டையா இருக்கிறது டான்சில். நம்ம ஊர்ல பாதிப் பேரு ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அடினாய்டுன்னா என்னன்னு கேட்டா நான் எங்க ஊரைக் காட்டித்தான் சொல்லுவேன். இளையரசனேந்தல் முன்னால சங்கரன்கோவில் தாலுகா. பிறகு பிர்காவைத் தூக்கி கோவில்பட்டி தாலுகாவோட சேத்தாங்க. ஒன்றியம் மட்டும் பழையபடி குருவிகுளம்னே இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு. பட்டா, சர்டிபிகேட்டுன்னா ஒரு மாவட்டம். ரோடு, தண்ணின்னா இன்னொரு மாவட்டம். எங்க போனாலும் "நீங்க எங்க ஆளு இல்ல"ம்பான். அடினாய்டும் அப்படித்தான். மூக்குக்குப் பின்னால, தொண்டைக்கு மேல, ரெண்டுலயும் சேராத ஒரு இடத்துல உக்காந்திருக்கு. வாயைத் திறந்து டார்ச் அடிச்சாலும் தெரியாது. பக்கவாட்டுல எக்ஸ்ரே எடுக்கணும், இல்லாட்டி மூக்கு வழியா சின்னக் கேமராவை விட்டுப் பாக்கணும்.

டான்சில், அடினாய்டு ரெண்டுமே வேண்டாத சதை இல்ல. மூச்சுலயும் சாப்பாட்டுலயும் வர்ற கிருமியை முதல்ல பிடிச்சு, இது யாரு என்னன்னு உடம்புக்குச் சொல்லிக் கொடுக்கிற செக்போஸ்ட். சின்ன வயசுல வேலை அதிகம், அதனால பெருசா இருக்கும். வயசு ஏற ஏறச் சுருங்கிரும். அடினாய்டு பெரிய ஆளுங்களுக்கு அநேகமா இருக்கவே இருக்காது.

அப்ப ஏன் எடுக்கணும்? தொண்டை வலிக்காக எடுக்கிறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல பாரடைஸ்னு ஒரு குழந்தை டாக்டர் 1984ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாரு. அதுல இருந்து வந்த கணக்கு இது: ஒரு வருஷத்துல 7 தடவை, இல்ல ரெண்டு வருஷம் தொடர்ந்து வருஷத்துக்கு 5 தடவை, இல்ல மூணு வருஷம் தொடர்ந்து வருஷத்துக்கு 3 தடவை தொண்டை மோசமா வந்திருந்தா எடுக்கலாம். தூக்கத்துல மூச்சு அடைச்சா அது தனிக் கணக்கு. குட்டி அந்தத் தனிக் கணக்குல வந்தான்.

இந்தக் கணக்கெல்லாம் வர்றதுக்கு முன்னால எப்படி எடுத்தாங்கன்னு ஒரு கதை இருக்கு, சொல்லாம போக மனசு வரல. 1934ல நியூயார்க்ல பள்ளிக்கூடப் பிள்ளைக 1000 பேரைப் பாத்திருக்காங்க. அதுல 61 சதவீதம் பேருக்கு டான்சில் ஏற்கெனவே போயிருச்சு. மிச்சப் பேரை டாக்டர்கள்கிட்ட காட்டினா, அதுல 45 சதவீதம் பேருக்கு எடுக்கணும்னுட்டாங்க. "உனக்கு வேண்டாம்"னு தப்பிச்ச பிள்ளைகளை மட்டும் வேற டாக்டர்கள்கிட்ட அனுப்பினாங்க. அவங்க அதுலயும் 46 சதவீதம் பேருக்கு எடுக்கணும்னாங்க. அதுலயும் தப்பிச்சவங்களை மூணாவதா வேற டாக்டர்கள்கிட்ட அனுப்பினாங்க. திரும்பவும் கிட்டத்தட்ட பாதி. கடைசியில யாரும் கை வைக்காம மிஞ்சினது 65 பிள்ளைக. நாலாவது ரவுண்டுக்கு டாக்டர் கிடைக்கலயாம், அதோட நிறுத்திட்டாங்க.

"எல்லாருக்கும்"ங்கிற வார்த்தைக்கு எவ்வளவு வயசுன்னு பாத்தீங்களா?

கவுண்டர் சண்டைக்கு வருவோம். என் கோபத்துக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கு. சித்தப்பா கணக்கு.

ஏழெட்டு வருஷம் முன்னால எங்க சித்தப்பாவுக்குத் தொண்டையில கருவாட்டு முள்ளு சிக்கின மாதிரி ஒரு உறுத்தல். அவருக்கு அப்ப அம்பத்தி நாலு வயசு. வாயில எந்நேரமும் வெத்தலை, புகையிலை. ரெண்டு மாசம் வாழைப்பழத்தையும் சோத்து உருண்டையையும் முழுங்கிப் பாத்தாரு. (முள்ளு இருந்தாத்தானே இறங்க?) டாக்டர்கிட்ட போனா, இடது பக்க டான்சில் மட்டும் வலதைவிட ரெண்டு மடங்கு இருக்கு. "இதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியே ஆகணும்"னுட்டாரு. ஏன்னும் சொன்னாரு. ஒரு பக்கம் மட்டும் பெருசு, வயசு, புகையிலை. மூணு காரணம். விரல் விட்டு எண்ணிக் காட்டினாரு. எங்களுக்குப் பயம் வந்துச்சு, ஆனா கோபம் வரல.

ஆபரேஷன் முடிஞ்சு ஒரு பிளாஸ்டிக் குப்பியில தண்ணி மாதிரி ஒண்ணை ஊத்தி, அதுக்குள்ள சதையைப் போட்டு என் கையில கொடுத்து, "திருநெல்வேலி லேபுல கொடுத்துருங்க"ன்னாங்க. நம்ம பக்கம் இது சர்வசாதாரணம். நோயாளியோட ஆளுதான் கூரியர். அன்னைக்குச் சனிக்கிழமை சாயங்காலம். லேபு பூட்டியாச்சு. ஞாயித்துக்கிழமை லீவு. திங்கட்கிழமைதான் கொடுக்க முடியும்.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா?

வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ்ல வச்சேன். ஃப்ரிட்ஜ்லன்னா ஃப்ரீசர்ல. சதை கெட்டுப்போகும்ல! கறி வாங்கினா ஃப்ரீசர்லதான வைக்கோம்? அந்த அறிவுதான். கறுப்பு கவருக்குள்ள சுத்தி ஐஸ் ட்ரேக்குப் பக்கத்துல வச்சுட்டு நிம்மதியாத் தூங்கினேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க அம்மா ஐஸ் எடுக்கப் போயி, கவரைப் பிரிச்சுப் பாத்து, போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு. அந்த ஃப்ரிட்ஜை எங்க அவ்வா அதுக்குப் பிறகு ஆறு மாசம் தொடவே இல்ல. மோர்கூட வெளியதான் இருந்துச்சு.

திங்கட்கிழமை காலையில பஸ் பிடிச்சுப் போனேன். லேபுல இருந்த தம்பி குப்பியைக் கையில வாங்கிட்டு என்னைப் பாத்தான். "என்னண்ணே இது, குச்சி ஐஸா?"

அவன்தான் எனக்குப் பாடம் எடுத்தான். குப்பியில இருக்கிறது தண்ணி இல்ல, ஃபார்மலின். பத்து சதவீதக் கரைசல். அதுல போட்டுட்டாலே சதை கெடாது, அப்படியே வெளியில வச்சிருக்கலாம். ஃப்ரீசர்ல வச்சா உள்ள இருக்கிற தண்ணி ஐஸ் கட்டியா மாறி, செல்லையெல்லாம் குத்திக் கிழிச்சுரும். பிறகு மைக்ராஸ்கோப்ல பாத்தா ஓட்டை ஓட்டையாத் தெரியும். ஃபார்மலினும் சதையைப் போலப் பத்து மடங்காவது இருக்கணும், சதை அதுல நல்லா முங்கி மிதக்கணும். வெறும் தண்ணியிலயோ சலைன்லயோ போட்டு ரெண்டு நாள் வச்சா அழுகிரும். ஆனா டி.பி. இருக்குமோன்னு சந்தேகப்பட்டுக் கிருமியை வளத்துப் பாக்கணும்னா மட்டும் ஒரு துண்டைத் தனியா சலைன்ல உடனே அனுப்பணும். ஏன்னா ஃபார்மலின் கிருமியைக் கொன்னுரும்.

"ரெண்டு பக்கமும் எடுத்திருந்தா ரெண்டு குப்பி. வலது எது, இடது எதுன்னு எழுதியிருக்கணும்ணே. ஒரே குப்பியில போட்டுக் கொண்டாந்துருவாங்க. நாளைக்கு ஒண்ணுல ஏதாவது இருந்தா எந்தப் பக்கம்னு யாரைப் போய்க் கேக்க?"

அந்தத் தம்பி சொன்ன வேலையைக் கேட்டா ஆயிரத்து எண்ணூறு ரூபாய் நியாயம்னுகூடத் தோணும். முதல்ல ஒரு டாக்டர் சதையைக் கண்ணால பாத்து, அளந்து, வெட்டிப் பாத்து எழுதுவாரு. பிறகு ஒரு துண்டை எடுத்து, சாராயச் சத்துல ஊறவச்சு அதுல உள்ள தண்ணியையெல்லாம் எடுத்து, சைலீன்ல போட்டு, உருகின மெழுகுல முக்கிக் கட்டியாக்கி, ஒரு மெஷின்ல சீவுவாங்க. வாழைக்காய் பஜ்ஜிக்குச் சீவுற மாதிரி. ஆனா தடிமன் நாலு மைக்ரான். நம்ம தலைமுடியை பதினஞ்சு இருபதாப் பிளந்தா ஒரு பங்கு. அதைக் கண்ணாடியில ஒட்டி, ஊதாவும் ரோஸும் சாயம் ஏத்தி, அப்புறம்தான் மைக்ராஸ்கோப்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு. மொத்த டான்சிலையும் பாக்குறதில்ல. அதுல ஒரு துண்டு, அந்தத் துண்டுல ஒரு சீவல். எந்தத் துண்டுன்னு முடிவு பண்றது கண்ணு. ஆக மைக்ராஸ்கோப்புக்கும் முன்னால கண்ணும் விரலும்தான்.

சித்தப்பா ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்ல. நாள்பட்ட அழற்சி, அவ்வளவுதான். (நான் ஐஸ் வச்சதையும் மீறிப் பாத்துச் சொல்லிட்டாங்க, அந்த டாக்டர் நல்லா இருக்கட்டும்.) சித்தி மட்டும் ரொம்ப நாள் "வீணா அவ்வளவு செலவு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு அது வீணாத் தெரியல. அன்னைக்கும் தெரியல, இன்னைக்கும் தெரியல. அம்பத்தி நாலு வயசுல, புகையிலை போடுற வாயில, ஒரு பக்கம் மட்டும் வீங்கின டான்சில்ல ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுக்க எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

குட்டிக்குக் கொடுத்த ஆயிரத்து எண்ணூறுதான் வயித்தெரிச்சல்.

ஒரு வாரம் கழிச்சுக் குட்டியைக் காட்டப் போனப்ப டாக்டரம்மாகிட்டயே கேட்டுட்டேன். நல்ல மனுஷி. கோபப்படல. கவுண்டர்ல நான் கத்தினது அவங்க காதுக்கும் போயிருக்கு போல, சிரிச்சுக்கிட்டே "உக்காருங்க சார்"னாங்க.

"உங்க பையனுக்குத் தேவையான்னு கேட்டா, தேவையில்லதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவ்வளவு நேர்மையா ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டதில்ல.

"எடுத்ததும் கையில பிடிச்சுப் பாப்பேன். கல்லு மாதிரி இருக்கா, புண்ணு இருக்கா, ஒண்ணு ஒரு மாதிரியும் இன்னொண்ணு வேற மாதிரியும் இருக்கான்னு. ட்ரேல வச்சு உங்களுக்கும் காட்டினேன்ல?"

காட்டினாங்க. தியேட்டர் வாசல்ல பச்சைத் துணி போட்ட ட்ரேல ரெண்டு உருண்டை, கொஞ்சம் பிஞ்ச சதை. ஊறின கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெருசு. அத்தான் பாத்துட்டு ரெண்டடி பின்னால போயிட்டாரு. நான் தலையாட்டினேன். என்னத்தைக் கண்டேன்னு தலையாட்டினேன்னு எனக்கே தெரியாது.

"ஆபரேஷனுக்கு முன்னால இவனுக்கு இடது பக்கம் பெருசா இருந்த மாதிரி இருந்துச்சே மேடம்?"

"வெளிய எடுத்து வச்சா ரெண்டும் ஒரே சைஸ். ஒண்ணு பள்ளத்துல ஆழமா உக்காந்திருக்கும், ஒண்ணு மேடா உக்காந்திருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அநேகமா அப்படித்தான்."

"அப்ப ஏன் அனுப்புறீங்க?"

"நான் அனுப்பாம விட்டு, பத்தாயிரத்துல ஒண்ணா அதுல ஏதாவது இருந்துட்டா, ஏன் அனுப்பலன்னு கேட்டு முதல்ல வர்றது யாரு? நீங்கதான?"

பதில் சொல்ல முடியல. கவுண்டர்ல கத்தினவன் அங்கயும் வந்து கத்தியிருப்பேன். 1995 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் இந்திய மருத்துவச் சங்கம் போட்ட கேஸுல, காசு வாங்கிச் செய்யுற வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு தீர்ப்புச் சொல்லிருச்சு. அந்தத் தீர்ப்பு நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுக்குப் பிறகு நம்ம பில்லுல சில வரிகள் நோய்க்காக இல்ல, கோர்ட்டுக்காக ஏறுது.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பிச்சேன். எரிச்சல் வந்தா படிக்கிறது என் வழக்கம், தூக்கம் போனதுதான் மிச்சம்.

இந்தக் கேள்வியை உலகம் பூரா கேட்டிருக்காங்க. 2007ல அமெரிக்காவுல ஒரு குழு அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சேத்துப் பாத்துச்சு. பெரியவங்க சின்னவங்க எல்லாம் சேத்து 18,000 பேருக்கு மேல. அதுல புற்றுநோய் இருந்தது 54 பேருக்கு. அந்த 54ல 48 பேருக்கு ஆபரேஷனுக்கு முன்னாலயே சந்தேகப்பட ஏதாவது இருந்துச்சு: ஒரு பக்கம் மட்டும் பெருசு, கழுத்துல நெறிகட்டி, டான்சில் பாக்கவே ஒரு மாதிரி. ஆக எந்த அறிகுறியும் இல்லாம டெஸ்டுல மட்டும் மாட்டினது 6 பேரு. பதினெட்டாயிரத்துல ஆறு. எல்லாருக்கும் அனுப்பத் தேவையில்லைன்னு எழுதி முடிச்சுட்டாங்க.

அமெரிக்காவுல காலேஜ் ஆஃப் அமெரிக்கன் பேத்தாலஜிஸ்ட்ஸ்னு இந்த லேப் டாக்டர்களுக்கே ஒரு அமைப்பு இருக்கு. டெஸ்ட் நடந்தா இவங்களுக்குத்தான் வருமானம். அவங்களே, எந்தெந்தச் சதையை அனுப்ப வேண்டாம், எதைக் கண்ணால மட்டும் பாத்து எழுதினாப் போதும்னு ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒரு பட்டியல் போட்டுக்கலாம்னு விட்டுட்டாங்க. அப்படிப் போடுற பட்டியல்ல பிள்ளைகளோட டான்சிலுக்கு அநேகமா ஒரு இடம் உண்டு. சில டாக்டர்கள் அடினாய்டைக் கருவி வச்சு அரைச்சே உறிஞ்சி எடுக்காங்க, இல்லாட்டி கரைச்சு எடுக்காங்க. அதுல முழுசா அனுப்ப சதையே மிஞ்சாது. உலகம் ஒண்ணும் இடிஞ்சு விழுந்துரல.

ஒரு காலத்துல பாலைக் காய்ச்சாம குடிச்ச நாடுகள்ல மாட்டு டி.பி. டான்சில் வழியாப் பிள்ளைகளுக்கு ஏறிச்சு. அப்ப இந்த டெஸ்டுக்கு வேலை இருந்துச்சு. நம்ம வீட்டுல பாலு பொங்கலைன்னா அவ்வா டம்ளரைக் கையிலயே வாங்காது.

பிரிட்டன்ல வேற மாதிரி ஒரு காரியம் நடந்துச்சு. மாட்டுக்கு வந்த பைத்திய நோய் கறி வழியா மனுஷனுக்கும் வந்துச்சுல்ல? அந்த நோயோட புரதம் டான்சில்லயும் போய்த் தங்கும். ஆபரேஷன் கருவி வழியாப் பரவிருமோன்னு பயந்து 2001ல இங்கிலாந்துல டான்சிலுக்கு ஒரு தடவை மட்டும் பயன்படுத்திட்டு எறியுற கருவிகளைக் கொண்டுவந்தாங்க. அந்தக் கருவியால ரத்தப்போக்கு கூடிப்போச்சுன்னு அதே வருஷக் கடைசியில திரும்ப வாங்கிக்கிட்டாங்க! பிறகு எத்தனை பேரு உடம்புல அது ஒளிஞ்சிருக்குன்னு பாக்க, நாடு பூரா எடுத்த டான்சிலைப் பேரு ஊரு இல்லாமச் சேத்தாங்க. 63,007 டான்சிலைப் பாத்து 2009ல முடிவு சொன்னாங்க. உறுதியா இருக்குன்னு சொல்ற மாதிரி ஒண்ணுகூட இல்ல. அது ஒரு நாடு தன் கேள்விக்காக, தன் செலவுல செஞ்சது. அக்காவைத் தரையில உக்கார வச்சு இல்ல.

டெஸ்டுக்குக் கொடுத்துட்டா வேலை முடிஞ்சதுன்னும் நினைச்சுக்கிறாதீங்க. 2025 மார்ச்ல மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில, 17 நோயாளிகளோட சதை சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோற வழியில வச்சிருக்க, பழைய சாமான் எடுக்கிற ஆளு குப்பைன்னு நினைச்சுத் தூக்கிட்டுப் போயிட்டாரு. நல்லவேளை, திரும்பக் கிடைச்சிருச்சு. அதைப் படிச்சப்ப எனக்கு என் கறுப்பு கவர்தான் ஞாபகம் வந்துச்சு. சிரிக்க எனக்குத் தகுதியே இல்ல.

டெஸ்டுக்குப் போகாத சதை எங்க போகும்னு அவ்வா கேட்டுச்சு. (நாய்க்குப் போட்டுருவாகளோன்னு அதுக்கு ஒரு கவலை.) போடக் கூடாது. 2016ல வந்த மருத்துவக் கழிவு விதிப்படி மனுஷச் சதை மஞ்சள் பையில போகணும். 48 மணி நேரத்துக்கு மேல சும்மா வச்சிருக்கக் கூடாது, எரிச்சுரணும்.

குட்டியோட ரிப்போர்ட் எட்டாம் நாள் வந்துச்சு. நாலு வரி. டான்சில்லயும் அடினாய்டுலயும் நிணச்சதை பெருத்திருக்கு, புற்றுக்கான அறிகுறி இல்ல. அதோட நின்னிருந்தா நல்லாருக்கும். கடைசியில ஒரு வரி: ஆக்டினோமைசிஸ் கூட்டங்கள் காணப்படுகின்றன.

அக்கா போன்ல தேடிட்டா.

தேடினா என்ன வரும்? தாடையில சீழ் வச்சு ஓட்டை விழுந்த படம் வரும். ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன். "என்னடா இது, என்னமோ கூட்டம் கூட்டமா இருக்குன்னு போட்டிருக்கான்!" அன்னைக்கு அவளும் தூங்கல, அத்தானும் தூங்கல, நானும் தூங்கல. குட்டி மட்டும் தூங்கினான், ரெண்டு வருஷத்துல முதல் தடவையா குறட்டை இல்லாம.

காலையில டாக்டரம்மா ஒரே வரியில முடிச்சுட்டாங்க. அது எல்லார் வாயிலயும் குடியிருக்கிற கிருமி. டான்சில் மடிப்புக்குள்ள சும்மா கிடக்கும். எடுத்த டான்சில்ல அடிக்கடி தட்டுப்படும். வைத்தியம் ஒண்ணும் வேண்டாம்.

இந்த ராத்திரிக்கு யாரு பில் போடுறது? தேவையில்லாத டெஸ்டுக்கு ஆகுற செலவு அந்த ஆயிரத்து எண்ணூறு மட்டும் இல்ல. அக்கா கவுண்டர்ல உக்காந்தது ஒண்ணு, போனைப் பாத்து உக்காந்தது ரெண்டு.

அதனால என் கட்சி இதுதான். (நான் டாக்டர் இல்ல. உங்க டாக்டர்கிட்ட கேக்குறதுக்கு முன்னால என் பேச்சைக் கேட்டு எதையும் வேண்டாம்னு சொல்லிறாதீங்க.) சின்னப் பிள்ளை, ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கு, குறட்டைக்கோ தொண்டை வலிக்கோ எடுக்குறாங்க, எடுத்தவரு கையில பிடிச்சுப் பாத்துட்டாரு. அதோட போதும், எழுதி வச்சுக்கிட்டு மஞ்சள் பையில போடலாம். ஆனா ஒரு பக்கம் மட்டும் மளமளன்னு வளந்தா, தொட்டாக் கல்லா இருந்தா, ஆறாத புண்ணு இருந்தா, கழுத்துல நெறி கரையாம நின்னா, காரணமில்லாம எடை குறைஞ்சா, விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தா, முன்னால புற்றுநோய் வந்த உடம்புன்னா, கிட்னி மாத்தி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுற பிள்ளைன்னா, அனுப்பித்தான் ஆகணும். காசு இல்லாட்டி கடன் வாங்கியாவது அனுப்பணும். சித்தப்பா மாதிரி ஆளுங்களுக்குப் பேச்சே கிடையாது.

ஆனா எதுவா இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன்னால சொல்லணும். கையெழுத்து வாங்குற அன்னைக்கே "எடுக்கிறதை டெஸ்டுக்கு அனுப்புவோம், இதுதான் காரணம், பயப்பட ஒண்ணும் இல்ல"ன்னு ரெண்டு நிமிஷம். பில் கவுண்டர்ல வந்து தெரிஞ்சுக்கிற விஷயமா இது? அந்த ரெண்டு நிமிஷம் கிடைச்சிருந்தா நான் வாட்ச்மேனை எழுப்பியிருக்க மாட்டேன்.

குட்டி இப்ப நல்லாருக்கான். ரெண்டு வாரம் கரகரப்பா எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. 2020ல புவிசார் குறியீடு வாங்கின கடலைமிட்டாய் ஊர்ல பிள்ளையை வச்சுக்கிட்டு, கடலைமிட்டாயைக் கண்ணுல காட்டாம ரெண்டு வாரம் ஓட்டினது ஆபரேஷனைவிடப் பெரிய பாடு. பஸ் ஸ்டாண்டு பக்கமே கூட்டிட்டுப் போகல. பதினஞ்சாம் நாள் காலையில பல்லு விளக்காம ஒரு பாக்கெட்டைப் பிரிச்சுட்டான்.

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். சித்தப்பாவோட அந்த ரிப்போர்ட் நாலாம் நாளே தயாராயிருச்சு. ஆனா நாங்க வாங்கினது இருபத்தி மூணாம் நாள். நான் வாங்கியிருப்பேன்னு சித்தப்பா நினைச்சுக்கிட்டு இருந்தாரு. ஏதாவது இருந்தா அவங்களே போன் பண்ணுவாங்கன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். யாரும் போன் பண்ணல. அந்தக் கவர் பத்தொன்பது நாளு அங்கயே ஒரு டப்பாவுல கிடந்திருக்கு, அதுமாதிரி இன்னும் நிறைய கவரோட.

உங்க வீட்டுல யாருக்காவது சதையோ கட்டியோ எடுத்து லேபுக்குக் கொடுத்திருந்தா, ரிப்போர்ட்டைக் கையில வாங்கியாச்சான்னு இன்னைக்கே கேளுங்க. வாங்கலைன்னா நாளைக்கே போய் வாங்கி டாக்டர்கிட்ட காட்டிருங்க. போன்ல தேடாதீங்க.